உள்ளேன் அம்மா

மலையடிவாரத்து மடத்தில் மரகதம்மாள் என்றொரு குரு இருந்தார். வயது நாற்பது. அவருடைய மூத்த சீடர் குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியர். மீசை பெரியது. அத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு தன்னைவிட இளையவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக் கும்பிடுகிறாரே என்று ஊரில் சிலருக்குச் சிரிப்பு. அவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மடத்துக்கு வந்தார். குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடர் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். அந்த மடத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஞானம் கேட்க முடியாது.

"அம்மா, ஒரு புள்ளையைப் பேச வைக்கணும். எப்படிங்க?"

"பேச்சு வராத புள்ளையா?"

"நல்லாப் பேசுவாளாம். எங்கிட்டதான் பேச மாட்டேங்கறா."

"யாரு அது?"

"முத்தரசின்னு பேரு. மேல்கோம்பைக்காரப் புள்ள. அஞ்சாவது வரைக்கும் மேல இருக்கற பள்ளிக்கூடத்துல படிச்சா. இந்த ஜூன்லதான் ஆறாவதுக்கு நம்ம பள்ளிக்கு வந்தா. விடுதியில தங்கியிருக்கா."

"சரி."

"வர்ற வெள்ளிக்கிழமை அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயிடுவாருங்க. போனா திரும்ப வரமாட்டா. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணணும்."

குரு ஒரு காம்பை உருவிக் கீரையைத் தட்டில் போட்டார். "ஏன் பேசறதில்லை?"

சீடர் கையிலிருந்த கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் நாள் அட்டெண்டன்ஸ் எடுத்தேனுங்க. எல்லாரும் 'பிரசன்ட் சார்'னு சொன்னாங்க. இவ பேரைக் கூப்பிட்டேன். எந்திரிச்சு நின்னு, 'உள்ளேன் அம்மா'ன்னா."

"உங்களைப் பார்த்தா?"

"என்னையப் பார்த்துத்தான். மேல டீச்சரம்மாகிட்ட அஞ்சு வருசமா அப்படியே சொல்லிப் பழகியிருக்கா. வகுப்பே சிரிச்சுது."

"நீங்க?"

"நானும் கொஞ்சம் சிரிச்சேனுங்க."

"மீசைக்குள்ளயா, வெளியவா?"

"வெளியதானுங்க."

அன்றைக்கு இடைவேளையிலிருந்தே அது அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், சத்துணவு வரிசையில், படிக்கட்டில், எங்கே போனாலும் யாராவது "உள்ளேன் அம்மா!" என்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அட்டெண்டன்ஸுக்கும் திறக்கவில்லை.

குழந்தைவேலுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேர் கூப்பிடும்போது பதிவேட்டை விட்டுத் தலை நிமிர மாட்டார். குரல் கேட்டால் வந்திருக்கிறார்கள். கேட்காவிட்டால் வரவில்லை. முப்பது வருடமாக அப்படித்தான், மளமளவென்று முடிந்துவிடும். அதனால் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த முத்தரசி இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கே வராதவளாகி இருந்தாள். காலையில் எண்ணி அனுப்புகிற பெண் எங்கே போகிறாள் என்று, வருகைக் கணக்கைப் பார்த்த விடுதிக் காப்பாளர் பதறிப்போய் அவள் அப்பா சடையனுக்குச் செய்தி அனுப்பினார். விசாரித்த பிறகுதான் அவள் வகுப்பிலேயே இருந்தது வாத்தியாருக்குத் தெரிந்தது. சடையன் போனில் அவரிடமே பேசினார்.

"வெள்ளிக்கிழமை சந்தைக்கு வாரேன் சாமி. அப்படியே பொட்டியையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிடறேன். தப்பு அவ மேலயோ உங்க மேலயோ, எனக்குத் தெரியாது. இங்க இருந்தப்ப வாய் மூடாத புள்ளைங்க அது."

இதையும் சீடர் சொல்லி முடித்தார்.

"எப்படி அட்டெண்டன்ஸ் எடுப்பீங்க? எடுங்க பார்ப்போம்," என்றார் குரு.

"இங்கயா?"

"இங்கதான். கீரைத்தட்டைப் பதிவேடுன்னு வெச்சுக்குங்க."

சீடர் கூச்சத்தோடு தட்டின் மேல் குனிந்தார். பேர்கள் மனப்பாடம். அகிலாவில் ஆரம்பித்தார். கூப்பிடக் கூப்பிடக் கூச்சம் போய்க் குரலில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. வேகமும் வந்துவிட்டது. கடைசிப் பேரைக் கூப்பிட்டு முடித்து நிமிர்ந்தார்.

எதிரில் யாரும் இல்லை.

"அம்மா?"

"இங்கதான் இருந்தேன்," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பாதியிலேயே எந்திரிச்சு வந்துட்டேன். நீங்க பார்க்கலை."

சீடர் குரு உட்கார்ந்திருந்த வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குரு கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார். "அந்தப் புள்ள எங்க பேசிட்டு இருந்தா?"

"மேல்கோம்பைப் பள்ளிக்கூடத்துலதான்."

"நாளைக்கு லீவு போடுங்க. அங்க போய் நீங்க பேசிட்டு வாங்க."

"யாருகிட்டங்க?"

"கூப்பிடறவங்ககிட்ட."

அவ்வளவுதான் பதில். சீடர் மீதிக் கீரையை ஆய்ந்து முடித்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி, கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். ஓட்டுக் கட்டடம். ஒரே அறை. அதற்குள் ஐந்து வகுப்புகள். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ஒரு பையன் இரும்புக் கம்பியால் அதை அடித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் அடித்தான்.

"போதும்டா கார்மேகம்," என்று உள்ளிருந்து குரல் வந்ததும்தான் நிறுத்தினான்.

டீச்சர் திலகவதிக்கு முப்பது வயது இருக்கும். வாத்தியார் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். "ஒரு நிமிசங்க சார், அட்டெண்டன்ஸ் எடுத்துடறேன், உக்காருங்க," என்றார் டீச்சர். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அது டீச்சருடையது. வாத்தியார் கடைசி வரிசையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த சிறுமி அவருக்கு இடம் விட்டு நகர்ந்து, மறுபடி நெருங்கி, மீசையை நன்றாகப் பார்த்தாள்.

டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கூப்பிட்டு அந்த முகத்தைப் பார்த்தார். முகம் நிமிர்ந்து "உள்ளேன் அம்மா" என்றது. ஒரு முகத்திடம் "காது வலி போச்சா?" என்று கேட்டார். "போச்சும்மா." அப்புறம் அடுத்த பேர்.

வகுப்பு முழுதும் முடிந்தது. டீச்சர் பதிவேட்டை மூடினார். மூடிய பிறகும் ஒரு பேரைக் கூப்பிட்டார்.

"முத்தரசி."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிள்ளைகள் அத்தனை பேரும் சன்னல் பக்கம் கையை நீட்டி, மலைக்குக் கீழே காட்டி, ஒரே குரலில் கத்தினார்கள்: "உள்ளாள் அம்மா!"

பக்கத்திலிருந்த சிறுமி எழுந்து நின்றே கத்தினாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்க நேரமில்லை.

அதன் பிறகு டீச்சர் அவரைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு வந்தவங்க பேரையும் கூப்பிடறது இங்க வழக்கமுங்க சார். உங்க பேரு?"

"குழந்தைவேலு."

பேரைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"குழந்தைவேலு."

வாத்தியார் எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. எல்லாக் கண்களும் அவர் மேல். பள்ளிக்கூடத்தில் அவர் பேரை வெறுமனே சொல்லி யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"உள்ளேன் அம்மா."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இந்த இடத்தில் நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று இவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதானே, அதற்கு எதற்கு அழுகை என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

இடைவேளையில் டீச்சர் சொன்னார்.

"அவ கீழ போன மறுநாள் பழக்கத்துல நானே பேரைக் கூப்பிட்டுட்டேங்க. புள்ளைங்க எல்லாம் திருதிருன்னு முழிச்சுது. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்ப இந்தப் பொன்னி எந்திரிச்சு, 'உள்ளாள் அம்மா, கீழ இருக்கா'ன்னுச்சு. ஒண்ணாப்புப் புள்ளைங்க. உள்ளாள்னு யாருங்க சொல்லிக் குடுத்தது? அதுவாச் சொல்லுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேரை என்னால விட முடியலை."

"அவ இங்க எப்படிங்க இருப்பா?"

"அவதான் மணி அடிக்கிறவ. சின்னதுங்களுக்கு மூக்கு துடைச்சு விடறவளும் அவதான். இங்க அவதான் பெரியவ. உங்க பள்ளிக்கூடத்துல அவதான் இருக்கறதுலயே சின்னவ. ஒரே லீவுல அப்படி ஆயிட்டா."

கிளம்பும்போது கார்மேகம் ஓடி வந்தான். "சார், முத்தரசிகிட்ட சொல்லுங்க. இப்ப நான்தான் மணி அடிக்கிறேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

வாத்தியாருக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. பொன்னி அருகில் நின்றாள். அவளிடம் "ரொம்ப நன்றிம்மா" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறாம் வகுப்பு பி பிரிவில் வாத்தியார் தலையை நிமிர்த்தி அட்டெண்டன்ஸ் எடுத்தார். பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. சிலர் பதில் சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்குக் கண்ணாடி போட வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"முத்தரசி."

அவள் குனிந்துகொண்டாள். சத்தம் இல்லை. அவர் காத்திருந்தார். பிறகு அவரே சொன்னார்.

"உள்ளாள்."

சொல்லி, வருகை போட்டு, அடுத்த பேருக்குப் போனார். வகுப்பு ஒன்றும் புரியாமல் பார்த்தது.

மதியம் மரத்தடியில் தனியாக நின்றவளிடம் போனார்.

"நேத்து மேல்கோம்பைக்குப் போயிருந்தேன்."

அவள் நிமிரவில்லை.

"உன் பேரை அங்க இன்னும் கூப்பிடறாங்க."

இப்போது நிமிர்ந்தாள். முகத்தை அவர் அன்றுதான் முழுதாகப் பார்த்தார்.

"நான் இல்லையே. யாரு சார் பதில் சொல்றது?" என்றாள்.

"எல்லாருந்தான். 'உள்ளாள் அம்மா'ன்னு கத்தறாங்க. பொன்னி எந்திரிச்சு நின்னு கத்துது."

"அதுக்கு இன்னும் மூக்கு ஒழுகுதா சார்?"

"ஒழுகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"மணி சார்?"

"கார்மேகம் அடிக்கிறான். கொஞ்சம் அதிகமாவே அடிக்கிறான்."

"எனக்குத் தெரியும் சார்," என்றாள் அவள்.

'அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு கண்ணு' என்று சொல்ல நினைத்து வந்திருந்தார். அதையும் சொன்னார். அவள் காலால் மண்ணைக் கீறிக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

புதன்கிழமையும் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. அவர் "உள்ளாள்" என்றார். வியாழக்கிழமை அவர் சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்கிற மெஹருன்னிசா முந்திக்கொண்டு "உள்ளாள் சார்!" என்றாள். நிறுத்தி நிதானமாக, முத்தரசியின் தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். அன்று சத்துணவு வரிசையில் இருவரும் சேர்ந்து நின்றதை வாத்தியார் மாடியிலிருந்து பார்த்தார். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை.

மணி அடித்த கையோடு சடையன் வந்துவிட்டார். தோளில் ஒரு பலாப்பழம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வகுப்பு வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க," என்றார் வாத்தியார்.

"இருக்கட்டும் சாமி. புள்ளையை அனுப்புங்க, போதும்."

"அட்டெண்டன்ஸ் மட்டும் எடுத்துடறேன். அதுவரைக்கும் நில்லுங்க."

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அந்தப் பேர் நெருங்க நெருங்க அவர் குரல் இறங்கியது. கும்பிடாத சாமியை எல்லாம் மனதில் கும்பிட்டார்.

"முத்தரசி."

மெஹருன்னிசா பாதி எழுந்துவிட்டாள். முத்தரசி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தான் எழுந்து நின்றாள். வாசலில் அப்பாவைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள்.

"உள்ளேன்..." என்று வந்தது. சார் என்று முடிக்கத்தான் பார்த்தாள். வாய் அதன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

"...அம்மா."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு களுக்கென்று கிளம்பியது.

வாத்தியார் அவள் முகத்தையே பார்த்தார். "சரி கண்ணு. உக்காரு," என்றார். எந்த மாற்றமும் இல்லாத குரலில் சொல்லத்தான் முயன்றார். முழுதாக முடியவில்லை. பதிவேட்டில் கட்டம் கலங்கித் தெரிந்தது. அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"மெஹருன்னிசா."

"உள்ளேன் அம்மா!" என்றாள் அவள், கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

அடுத்தவன் ரகுராமன். முதல் நாள் முதலில் சிரித்தவன் அவன்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். "உள்ளேன் அம்மா," என்றான். கேலிக்குச் சொன்னானா, சேர்ந்துகொள்ளச் சொன்னானா என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு சில பேர் அம்மா என்றார்கள், சில பேர் பிரசன்ட் சார் என்றார்கள். ஒருவன் பிரசன்ட் அம்மா என்றான். அப்போது எல்லாரும் சிரித்தார்கள். முத்தரசியும் சிரித்தாள்.

சடையன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் அருகில் வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"யாரைங்க அம்மாங்கறாங்க?"

"என்னையத்தானுங்க."

சடையன் மீசையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தோளிலிருந்த பலாப்பழத்தை இறக்கி வாத்தியாரின் காலடியில் வைத்தார்.

"பொட்டி விடுதியிலயே இருக்கட்டும் சாமி," என்றார். "நான் சந்தைக்குப் போறேன்."

"இது சந்தைக்குக் கொண்டுவந்ததுங்களே?"

"இல்லீங்க. இப்ப இல்லை."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மைதானத்தைத் தாண்டிப் போகும்போது முத்தரசி சன்னலில் ஏறிக் கத்தினாள். "அப்பா! கார்மேகத்தை மணியை அளவா அடிக்கச் சொல்லு! ஒடைச்சிடப் போறான்!"

பக்கத்து வகுப்புகளில் பாடம் நின்றது. அவ்வளவு பெரிய குரல். வாத்தியார் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு மடத்துக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். குரு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்தார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க அம்மா."

"நான் என்ன பண்ணேன்? உங்களை ஒரு நாள் லீவு போட வெச்சேன்." பாதிப் பழத்தை வாழை இலையில் வைத்துக் கட்டினார். "இதை மேல அனுப்பிடுங்க. பொன்னிக்கு ரெண்டு சுளை கூடக் குடுக்கச் சொல்லுங்க."

"அனுப்பறேனுங்க."

இருவரும் சுளை தின்றார்கள். நல்ல தேன் மாதிரிப் பழம். சீடர் கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் என்ன?" என்றார் குரு.

"ஒரு சங்கடமுங்க. இப்ப வகுப்புல பாதிக்கு மேல என்னைய அம்மாங்குதுங்க. வராண்டாவுல பார்த்தாலும் 'அம்மா, அம்மா'ன்னு ஓடி வருதுங்க. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு என்னங்க இதுன்னு கேக்கறாரு. இந்த மீசையை வெச்சுக்கிட்டு நான் அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்?"

குரு விரலில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டார்.

"மீசை அது பாட்டுக்கு இருக்கட்டும், வாத்தியாரே. புள்ளைங்க அம்மான்னு கூப்பிடறப்ப நீங்க உள்ளீங்களா?"